படகுக் கறையும் நண்டுக் கொடுக்கும்

முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். அவருடைய அப்பாவின் பைபர் படகு, வெள்ளை நிறம். தண்ணீர் மட்டம் தொடும் இடத்தில் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு சாண் அகலத்துக்குக் கரும்பழுப்புக் கறை. கூடவே கேள்வி: "சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தோம், போகவில்லை. பிளீச்சிங் பவுடர் போட்டோம், கறுப்பு போய்த் துரு நிறம் வந்துவிட்டது. உப்புத்தாள் போட்டால் போகிறது, ஆனால் தேய்த்த இடத்தில் அடுத்த மாதமே முன்பைவிட மோசமாகப் பிடிக்கிறது. ஆசிட் ஊற்றலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட் வேண்டாம். இதற்கென்றே பொருத்தமான அமிலம் ஒன்று மொசைக் தரைக்கு பாலிஷ் போடுகிறவர்களின் வாளியில் இருக்கிறது. அது ஏன் வேலை செய்கிறது, மற்றவை ஏன் தோற்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த வேதியியல்.

முத்துப்பேட்டையில் பாமினியாறும் கோரையாறும் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்துதான் கடலுக்குப் போகின்றன. அந்தக் காட்டின் இலையும் பட்டையும் சேற்றில் விழுந்து ஊறும்போது டானின் என்ற பொருள் தண்ணீரில் இறங்குகிறது. டானினுக்கு நம் நாக்கு வைத்த பெயர் துவர்ப்பு. வாழைப்பூ, கடுக்காய், பாக்கு எல்லாவற்றிலும் இருக்கிறது. காட்டின் அடிச்சேற்றில் காற்றே கிடையாது. அங்கே இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். அலை கலக்கி மேலே கொண்டுவந்ததும் ஆக்சிஜன் பட்டு அது துரு வகை இரும்பாக மாறுகிறது. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு. இரும்பு அரிவாள்மனையில் வாழைப்பூ அரிந்தவர்களுக்கு விரலே சாட்சி. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம்மவர்கள் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். ஆக, அந்தப் படகின் மேல் இருப்பது பெரும்பாலும் அழுக்கே கிடையாது, மை. காயல் தானாகக் காய்ச்சிய மை.

ஏன் அந்த ஒரு கோட்டில் மட்டும்? கீழே எப்போதும் ஈரம், மேலே எப்போதும் காய்ச்சல். நடுவில் உள்ள பட்டை மட்டும் ஒவ்வொரு சிற்றலைக்கும் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைகிறது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஆவியாகிறது, கரைந்திருந்தது தங்கிவிடுகிறது. போர் தண்ணீர் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் வாளியில் மஞ்சள் வளையம் விழுவதும் இப்படித்தான். எஞ்சினிலிருந்து ஒழுகும் எண்ணெயும் பாசியும் அதன்மேல் பசைபோல் ஒட்டிக்கொள்கின்றன. அவை மட்டும் சோப்புக்குப் போய்விடும்.

இது நம் காயலுக்கு மட்டும் வந்த வினையும் இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் நடுவே டிஸ்மல் ஸ்வாம்ப் என்ற பெரிய சதுப்புக் காடு இருக்கிறது. அதன் வழியே வெட்டிய கால்வாய் 1805-ல் திறக்கப்பட்டது. தண்ணீர் கட்டன் தேநீர் நிறத்தில் இருக்கும். அந்தக் காலக் கப்பல்காரர்கள் அதைப் பீப்பாய்களில் நிரப்பிக்கொண்டு போனார்கள், நெடுநாள் கெடாது என்பதால். இன்று அந்த வழியாகப் போகும் வெள்ளைப் படகுகளின் முகப்பில் பழுப்புக் கறை பிடிக்கிறது. அங்கே அதற்கு மீசை என்றே பெயர்.

சரி, உப்புத்தாள் என்ன செய்தது? பைபர் படகு என்றால் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும். வெளியே தெரியும் வெள்ளைப் பளபளப்பு ஜெல்கோட் என்ற தனிப் பூச்சு, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன். படகை அச்சில் வார்க்கும்போது முதலில் அடிப்பது அதுதான். வெயிலின் புற ஊதாக் கதிர் ஆண்டுக் கணக்கில் அடிக்க அடிக்க மேல்பரப்புப் பிசின் உதிர்ந்து நுண்ணிய குழிகள் விழும். கையால் தடவினால் சுண்ணாம்புபோல் ஒட்டும். கறை அந்தக் குழிகளுக்குள்தான் இருக்கிறது. உப்புத்தாள் கறையோடு பூச்சையும் சேர்த்துத்தான் எடுக்கிறது, அதோடு சொரசொரப்பான புதுப் பரப்பையும் திறந்துவிடுகிறது. அடுத்த கறைக்கு அது மெத்தை. அரை மில்லிமீட்டரை இப்படிச் செலவழிக்க அந்தப் படகுக்கு வசதி இல்லை.

இனி நான் சொல்ல ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறேன்.

இரும்பு அயனியை ஒரு சிறு பந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல், கீழ், முன், பின், இடம், வலம் என்று ஆறு பக்கமும் பிடி வேண்டும். சுத்தமான அமிலத் தண்ணீரில் ஆறு நீர் மூலக்கூறுகள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்திருக்கும். துவர்ப்பு மூலக்கூறுக்கு ஒரு விசேஷம் உண்டு: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆக்சிஜன்கள். அது இரும்பை இரண்டு முனையாலும் கவ்வும், நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல. வேதியியலில் இதற்குப் பெயரே கொடுக்கிணைப்பு. 1920-ல் மார்கன், ட்ரூ என்ற இருவர் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை உருவாக்கினார்கள். காயல் நண்டைக் கையில் பிடித்தவர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. ஒரு முனை நழுவினாலும் மறுமுனை விடாது. அதற்குள் நழுவிய முனை திரும்பிக் கவ்விவிடும். அதனால்தான் அந்தக் கறைக்கு இவ்வளவு பிடிவாதம்.

நண்டின் பிடியிலிருந்து ஒன்றை எடுக்க இன்னொரு நண்டு வேண்டும். அதுதான் ஆக்சாலிக் அமிலம். வயல் வரப்பில் முளைக்கும் புளியாரைக் கீரையை மென்றால் வருகிற அந்தப் புளிப்பு இதன் குடும்பத்துடையது. புளியாரையின் தாவரப் பேரினம் ஆக்சாலிஸ், அமிலத்துக்குப் பெயர் வந்ததே அதிலிருந்துதான். மிகச் சிறிய மூலக்கூறு: இரண்டு கார்பன், இரண்டு பக்கமும் ஒவ்வொரு அமில முனை. ஹைட்ரஜனை விட்ட ஆக்சாலிக் அமிலத்துக்கு ஆக்சலேட் என்று பெயர். ஒரு ஆக்சலேட் இரும்பின் இரண்டு பக்கங்களைக் கவ்வும். மூன்று சேர்ந்தால் ஆறு பக்கமும் அடைந்துவிடும். மூன்று இறக்கை விசிறிபோல் ஓர் அழகான வடிவம், பச்சை நிறம், தண்ணீரில் நன்றாகக் கரையும்.

ஆனால் இரண்டும் நண்டு என்றால் இது எப்படி ஜெயிக்கிறது? எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். கவ்வ வேண்டுமானால் கொடுக்கு திறந்திருக்க வேண்டும், அதாவது முனையில் உள்ள ஹைட்ரஜன் கழன்றிருக்க வேண்டும். துவர்ப்பு மூலக்கூறு தன் ஹைட்ரஜனை லேசில் விடாது. கடல்நீர்போல் சற்றே காரத்தன்மை உள்ள இடத்தில் இரும்பு பக்கத்தில் வந்தால் விடும். அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் திரும்பி வந்து கொடுக்கை மூடிவிடும். ஆக்சாலிக் அமிலமோ நல்ல அமிலத் தண்ணீரிலும் தன் ஹைட்ரஜனை உதறிவிட்டுக் கொடுக்கைத் திறந்தே வைத்திருக்கும். ஒரே வாளித் தண்ணீர், அதில் பழைய நண்டு கொடுக்கை மூடுகிறது, புதிய நண்டு திறக்கிறது. இரும்பு கைமாறுகிறது. பத்து நிமிடத்தில் கறை கண்ணெதிரே வெளுப்பதைப் பார்க்கும்போது நடப்பது இதுதான். தேய்க்கவே வேண்டியதில்லை.

இப்போது மற்றவை தோற்ற காரணம் தானாக விளங்கும். சோப்புத்தூளில் காரம் உண்டு, காரம் பழைய நண்டின் கொடுக்கைத் திறக்கிறது. கறையின் பிடி இறுகத்தான் செய்யும். பிளீச்சிங் பவுடர் துவர்ப்பைச் சிதைத்துவிடும், கறுப்பு போகும். ஆனால் இரும்பைத் தொடாது, அது துருவாக உட்கார்ந்துகொள்ளும். வாசகர் பார்த்த நிறமாற்றம் அதுதான். கழிவறை ஆசிட் என்கிற ஹைட்ரோகுளோரிக் அமிலம் பழைய கொடுக்கை மூடும், இரும்பைக் கரைக்கவும் செய்யும். ஆனால் அதற்கென்று சொந்தக் கொடுக்கு இல்லை. கழுவும்போது அமிலம் நீர்த்ததும் இரும்பு மறுபடி துருவாகப் படியலாம். கூடவே எஞ்சின் தாங்கி, போல்ட், நட்டு எல்லாவற்றையும் அரிக்கும். வேட்டியில் பட்ட துருக்கறைக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கிறார்களே, அது சரியான வழி. சிட்ரிக் அமிலத்துக்கும் கொடுக்கு உண்டு, கொஞ்சம் மெதுவானது.

செய்முறை சின்னது. ஹார்டுவேர் கடையில் ஆக்சாலிக் பவுடர் என்று கேளுங்கள். படகைக் கரையேற்றி, நிழலில் வைத்து, முதலில் சோப்புப் போட்டு எண்ணெயையும் பாசியையும் எடுத்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 50 கிராம் போதும். ஆறிய கஞ்சியில் கலந்தால் வழியாமல் நிற்கும். தூரிகையால் பூசி 10, 15 நிமிடம், காயவிடாமல். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். நல்ல தண்ணீர் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆக்சலேட் அதைக் கண்டால் உடனே சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும், இரும்புக்கு மிச்சம் குறையும். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இந்தக் கால்சியம் ஆக்சலேட்தான்.

அதனாலேயே இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. இது விஷம். கையுறை, கண்ணாடி, பவுடரைக் கொட்டும்போது மூக்குக்கு மறைப்பு, மூன்றும் கட்டாயம். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் பட்ட இடத்தின் மேல் கழுவாமல் இதைப் பூசினால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். முன்பு பிளீச் போட்ட படகு என்பதால் இந்த வாசகருக்கு இதை இரண்டு முறை சொல்கிறேன்: முதலில் நன்றாக அலசுங்கள், முழுக்க அலசிய பிறகே அமிலம்.

ஒரு வருத்தத்தையும் சொல்லத் தோன்றுகிறது. உலோகத்தைச் சுற்றி ஆறு பிடி உண்டு என்று வேதியியலாளர் ஆல்பிரட் வெர்னர் 1893-ல் எழுதியபோது அதனால் யாருக்கு என்ன லாபம் என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. 1913-ல் நோபல் பரிசு வந்தது. இன்று ஓர் ஆய்வாளர் பணம் கேட்டால் முதல் பக்கத்திலேயே பயன் என்ன என்று எழுதச் சொல்கிறோம். இன்னொரு பக்கம், சுனாமிக்குப் பிறகு நம் கரையில் பல இடங்களில் கட்டுமரம் போய் பைபர் படகு வந்தது. அந்தப் பூச்சு நம் வெயிலில், நம் காயலில் எப்படி மூப்படைகிறது என்பது மீனவர் வீட்டுச் செலவோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கேள்வி. இரண்டு வகை ஆய்வுக்கும் தாராளமாகப் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கறை திரும்ப வருமா என்றும் கேட்டிருந்தார். வரும், தண்ணீர் அதே தண்ணீர்தானே. காய்ந்த பிறகு மெழுகு பூசி நன்றாகத் தேய்த்துவிட்டால் குழிகள் அடைபடும், பிடிப்பது தாமதமாகும். அடுத்த முறை உப்புத்தாள் தேவைப்படாது.

மிச்சமிருக்கும் அமிலக் கரைசலைக் கொட்டுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எடுத்து, துருவைச் சுரண்டிப் போட்டு, இரவு முழுக்க இருட்டில் வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில். காலையில் தெளிந்த நீர் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அதை வெயிலில் வைத்தால் மெல்ல மெல்லக் குமிழிகள் எழும், அடியில் மஞ்சள் பொடி படியும். ஒளி பட்டதும் இரும்பு தன்னைக் கவ்வியிருந்த கொடுக்குகளில் ஒன்றை உடைத்துக் கார்பன் டை ஆக்சைடாக வெளியே அனுப்புகிறது. ஆய்வகங்களில் ஒளியின் அளவைக் கணக்கிடவே இந்தப் பச்சை உப்பைப் பயன்படுத்துகிறார்கள். கல்லூரியில் நான் பாடுபட்டுச் செய்த பச்சைப் படிகங்களை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வெயில் பட்ட பக்கம் மட்டும் மஞ்சளாகியிருந்தது.