குக்கல், கக்குவான், மாதிரி விலங்கு

தோட்டத்துக் கிளினிக்கில் காதில் விழுந்தது. "ரெண்டு மாசத்துல போடுற ஊசியில குக்கலுக்கும் மருந்து இருக்கு" என்றார் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். பேரனை மடியில் வைத்திருந்த அப்பாயிக்கு விளங்கவில்லை. கார்டைக் காட்டி விளக்கியதும், "கக்குவானுன்னு சொல்லுங்களேன் மிஸ்ஸி!" என்றார். சிங்களத்திலும் கக்கல் கெஸ்ஸதான். கெஸ்ஸ என்றால் இருமல்.

கக்குவான் பிறந்தது 'கக்கு' என்ற வினையில். மூச்செடுக்க இடைவெளியில்லாமல் அடுக்கடுக்காக இருமி, முகம் சிவந்து, கடைசியில் குடித்த பாலைப் பிள்ளை கக்கிவிடும். நம் ஆட்கள் பெயர் வைத்தது அதற்குத்தான். ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டது வேறொன்றை: இருமல் விட்டதும் 'ஊப்' என்று காற்றை இழுக்கும் சத்தத்தை. மருத்துவர்களின் பெர்டுஸிஸ் லத்தீன். கடும் இருமல், அவ்வளவுதான். (பச்சைக் குழந்தைக்கு ஊப்பும் வராது சில வேளை, மூச்சு நின்று நீலம் பாரித்துவிடும்.)

சரி, குக்கல்? இருமலின் ஓசையே சொல்லானது என்றுதான் எனக்குப் படுகிறது. பழைய செய்யுள்களில் குக்கல் என்றால் நாய். அது வேறு சொல். ஆனாலும் வேடிக்கை பாருங்கள், கக்குவான் கிருமியின் நெருங்கிய உறவுக்காரக் கிருமி ஒன்று நாய்களுக்கு இருமல் நோய் தருகிறது!

கக்குவான் கிருமியை 1906இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் போர்டேயும் ஜாங்குவும் வளர்த்துக் காட்டினார்கள். இயற்கையில் அது மனிதரிடம் மட்டுமே வாழ்வதால் நோயை ஆராய ஒரு விலங்கைத் தேடவேண்டியிருந்தது. சுண்டெலிக்கு நுரையீரலில் கிருமி பெருகும், வெள்ளணுக்கள் ஏறும். ஆனால் பிள்ளைகளைப் போல அடுக்கடுக்காக இருமாது. இருமலால் பெயர் பெற்ற நோய்க்கு இருமாத சுண்டெலி எத்தனை தூரம் உதவும்? 2012இல் அமெரிக்காவில் பபூன் குரங்குக் குட்டிகளுக்குக் கிருமியைக் கொடுத்தபோது அவை வாரக்கணக்கில் இருமின. கூட இருந்த குட்டிக்கும் தொற்றியது. கிருமியின் சில புரதங்களை மட்டும் கொண்ட தடுப்பூசி நோயைத் தடுத்தாலும் தொற்றுவதையும் பரவுவதையும் தடுப்பதில்லை என்று 2013இல் தெரியவந்ததும் இந்தக் குரங்குகளால்தான்.

நோயை ஆராய உதவும் இப்படிப்பட்ட பிராணியை ஆங்கிலத்தில் 'அனிமல் மாடல்' என்பார்கள்; தமிழில் பலர் 'விலங்கு மாதிரி' என்று எழுதுகிறார்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) "விலங்கு மாதிரி" என்றால் திட்டு. 'மாதிரி விலங்கு' என்று திருப்பிப் போட்டால் போதும். அப்புறம், கிளினிக் கார்டில் குக்கலுக்குப் பக்கத்தில் கக்குவான் என்றும் அச்சிட இடம் இருக்கிறது, பார்த்தேன்.