அழற்சி: வீக்கமும் அல்ல, அலர்ஜியும் அல்ல

சொரியாசிஸுக்கு, அதாவது சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்று சொல்லும் தோல் நோய்க்கு, வெட்பாலைத் தைலம் நன்கு அறிமுகமானது. ஆனால் அதைப் பற்றிய கட்டுரைகளில் 'சரும வீக்கத்தைக் குறைக்கும், நோய் எதிர்ப்புச் சக்தியை அதிகரிக்கும்' என்றே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ஒரே வரியில் இரண்டு பிழை. முதல் பிழை, இன்ஃப்ளமேஷனை வீக்கம் என்று எழுதுவது; அதற்குச் சரியான தமிழ்ச் சொல் அழற்சி.

இன்ஃப்ளமேஷனுக்கு லத்தீன் வேர் ஃப்ளாமா, தீச்சுடர். தமிழில் அழல் என்றாலும் தீதான். சுழல் சுழற்சி ஆவதுபோல அழல் அழற்சி ஆகிறது. பித்தத்தையே அழல் என்று சொல்லும் மருத்துவ மரபு நம்முடையது. வேர்க்கதை அவ்வளவுதான்.

'வீக்கம் என்றால் எல்லோருக்கும் புரியுமே' என்பார்கள். புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் அழற்சிக்கு நான்கு குறிகள் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. நான்கில் ஒன்றை எடுத்து மொத்தத்துக்கும் பெயராக வைப்பது எப்படிச் சரியாகும்? பஸ்ஸில் இரவெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்தாலும் பாதம் வீங்கும்; அது அழற்சி இல்லை. கல்லீரல் அழற்சி என்றால் ஹெபடைடிஸ். அதையே கல்லீரல் வீக்கம் என்று எழுதினால், கல்லீரல் பெருத்துவிட்டது என்றுதான் நோயாளி நினைப்பார். அழற்சி இல்லாமலும் கல்லீரல் பெருக்கலாம்.

ஆய்வுக்கூடத்திலிருந்தும் இந்தக் குழப்பம் வருகிறது. மூலிகைச் சாறு அழற்சியைத் தணிக்கிறதா என்று பார்க்க, கடற்பாசியிலிருந்து எடுத்த காராஜீனனை எலியின் பாதத்தில் ஊசியால் செலுத்தி, பாதம் எவ்வளவு வீங்குகிறது என்று அளப்பது வழக்கம். அளப்பது வீக்கத்தை, அறிய விரும்புவது அழற்சியை. மொழிபெயர்ப்பவர் அளவுகோலையே நோயின் பெயராக்கிவிடுகிறார்.

அப்புறம் அலர்ஜி. காதுக்கு அழற்சி மாதிரி ஒலிப்பதால், அலர்ஜியின் தமிழ் வடிவம்தான் அழற்சி என்று நினைப்பவர்கள் உண்டு. அலர்ஜி, 1906இல் வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே கிரேக்க வேர்களைக் கொண்டு ஆக்கிய சொல். அதற்கு ஒவ்வாமை இருக்கிறது, நல்ல சொல். ஒலி ஒன்றுபோல் இருப்பது தற்செயல்.

'நோய் எதிர்ப்புச் சக்தியை அதிகரிக்கும்' என்பது இன்னும் மோசம். சொரியாசிஸில் எதிர்ப்பு குறைந்துபோய்ப் படை வருவதில்லை. நோயெதிர்ப்பு வேலையைச் செய்யும் வெள்ளணுக்களான டி செல்கள் வேண்டாத வேகத்தில் தூண்டப்பட்டு, மேல்தோல் புதுப்பிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகவேண்டியது சில நாட்களில் நடந்து, செதில் செதிலாக உதிர்கிறது. அங்கே எதிர்ப்பை 'அதிகரிக்க' யாருக்கு வேண்டும்? இம்யூன் ரெஸ்பான்ஸ் என்பது உடல் காட்டும் எதிர்வினை. அது கூடலாம், குறையலாம், தடம் மாறலாம். நோயெதிர்ப்பு வினை என்று எழுதினால் இதற்கெல்லாம் இடமிருக்கும். 'சக்தி' என்றதும் டானிக் விளம்பரம் ஆகிவிடுகிறது.

வெட்பாலையைப் பற்றி இப்படி எழுதலாம்: 'இதன் இலைச்சாறு விலங்குச் சோதனைகளில் அழற்சியைத் தணித்திருக்கிறது.' இதில் எந்தச் சொல் யாருக்குப் புரியாது?