பெட்ரோல் எந்தப் பாறை வெடிப்பில் ஒளிந்திருக்கிறது?

கிருஷ்ணகிரி பக்கம் போர் போட்டுப் பார்த்தவர்களுக்கு நிலத்தடியைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மேலே கொஞ்சம் செம்மண், அதன்கீழ் மொரம்பு, அப்புறம் வெறும் பாறை. பாறையில் தண்ணீர் நிற்பது வெடிப்புகளில் மட்டும்தான். ஒருவர் நிலத்தில் 300 அடியில் தண்ணீர் பீய்ச்சும். வரப்பைத் தாண்டிப் போட்டால் 1,000 அடியிலும் புழுதிதான் பறக்கும். பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டி கசிந்தால், கசிந்ததைத் தேடுவதும் கிட்டத்தட்ட இதே சூதாட்டம்தான்.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. மண்ணில் இறங்கி, நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் மிதந்து பரவும். மிதப்பதோடு நின்றால் பரவாயில்லை. அதிலுள்ள பென்சீன் தண்ணீரில் கரைந்து, தண்ணீர் போகிற வழியெல்லாம் போகும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுப் பெட்ரோலில் அது 1 சதவீதம் வரை இருக்கலாம். கணக்குப் போட்டால், அப்படிப்பட்ட ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் முழுக்கக் கரைந்தால் சுமார் 8.8 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எழுபதுக்கும் மேல்! அந்த அளவில் மூக்குக்கு எதுவும் தெரியாது. தர்மபுரிக்காரர்கள் ஃபுளோரைடுக்குப் பயந்து தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுப்பது வழக்கம். அந்தச் சாதாரணப் பரிசோதனையில் பென்சீன் அகப்படாது. தனியாகக் கேட்க வேண்டும்.

விசாரணை தொடங்குவது கணக்கு நோட்டில். தினமும் டிப் ஸ்டிக் விட்டுப் பார்த்த இருப்பு, விற்றது, லாரியில் வந்தது மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வெயிலில் கொஞ்சம் ஆவியாகும், சரி. ஆனால் மாதாமாதம் ஒரே பக்கமாகத் துண்டு விழுந்தால், தொட்டியையும் குழாய் மூட்டுகளையும் சந்தேகப்பட வேண்டும். அடுத்து, தொட்டியைச் சுற்றிச் சிறு துளைகள் போட்டு மண் எடுப்பார்கள். மண்ணை மூடிய பையில் சற்று நேரம் வைத்து, உள்ளே சேரும் ஆவியைக் கைக்கருவியால் அளப்பார்கள். கருவிக்குள் இருக்கும் புற ஊதா விளக்கு ஆவியின் மூலக்கூறுகளை மின்னேற்றம் பெறச் செய்கிறது. அதனால் ஓடும் மின்சாரம்தான் திரையில் எண்ணாகத் தெரிகிறது.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும், அவையும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. மூன்றிலும் நீர்மட்டத்தின் உயரத்தை அளந்தால் சரிவு தெரிந்துவிடும். மணற்பாங்கான ஊரில் இது ஓரளவு போதும். இங்கே போதாது. பாறையில் சரிவு ஒரு பக்கம் இருக்க, வெடிப்பு தண்ணீரை வேறு பக்கம் இழுத்துப்போகும். போதாக்குறைக்கு, பக்கத்து மாந்தோப்பில் மோட்டார் ஓடினால் ஓட்டமே திரும்பிவிடலாம். அதனால் சுற்றியுள்ள தோட்டத்துக்காரர்களிடம் எத்தனை அடி போர், எங்கே ஊற்று கிடைத்தது, எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது என்று கேட்பது எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல என்பேன்.

அவசரப்பட்டு ஆழமாகத் துளைப்பதுதான் பெரிய தப்பு. நம் ஊர் போர்களில் கேசிங் பைப் மொரம்பு வரைக்கும்தான். கீழே திறந்த துளை. மேல் வெடிப்பில் இருந்த அழுக்குத் தண்ணீர் அதன் வழியே கீழ் வெடிப்புக்கு ஒழுகிவிடும். ஆகவே கண்காணிப்புக் கிணற்றில் நீர்மட்டம் ஏறி இறங்கும் பகுதிக்கு மட்டும் துளையிட்ட குழாய் வைத்து, அதற்கு மேலே பெண்டோனைட் களிமண்ணால் அடைப்பார்கள்.

தண்ணீரைப் பிடிப்பதிலும் பக்குவம் உண்டு. சிறு கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். குமிழி இருந்தால் பென்சீன் அதற்குள் ஏறிக்கொள்ளும். ஆய்வகத்தில் அளவு குறைவாகக் காட்டும்.

ஒருமுறை எடுத்துவிட்டு ஓய முடியாது. சித்திரையில் நீர்மட்டம் இறங்கும்போது மிதக்கும் பெட்ரோலும் கூடவே இறங்கி, வழியெங்கும் மண்ணிலும் வெடிப்பிலும் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழையில் மட்டம் ஏறும்போது தண்ணீர் அதைத் தொட்டுக் கரைக்கும். கோடையில் சுத்தமாக வந்த அதே கிணற்றில் அப்போது பென்சீன் தலைகாட்டலாம்.