பீங்கானில் பிரேக் பிடிக்குமா?

‘பீங்கான் சுழலி’ என்று மூன்றாம் முறையாகக் காதில் விழுந்துவிட்டது. போர்ஷே 911 ஜிடி3 என்ற ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர் செராமிக் பிரேக் எடுப்பதா, இரும்பு எடுப்பதா என்று ஒருவர் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். “பீங்கானாச்சே, சூடேறினா படக்குன்னு உடைஞ்சுடும். ரேஸ் டிராக்குக்கு இரும்புதான் லாயக்கு” என்றார். முடிவு ஏறக்குறையச் சரி. காரணம் முழுத் தப்பு. அந்தத் தப்புக்கு வித்து அவர் எடுத்த சொல்.

‘சுழலி’யை முதலில் ஒழித்துவிடலாம். ரோட்டர் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது அது. ரோட்டர் என்பது அமெரிக்கர் பேச்சு. பிரிட்டனிலும் நம் ஊரிலும் அதே சாமானுக்கு டிஸ்க் என்றுதான் பெயர். மெக்கானிக்கிடம் போய் “சுழலி தேய்ந்துவிட்டது” என்று சொல்லிப் பாருங்கள், தலையைச் சொறிவார். “டிஸ்க் தேஞ்சுபோச்சு” என்றால் ஜாக்கியை எடுப்பார். மோட்டாருக்குள் சுற்றுவதும் ஹெலிகாப்டர் தலையில் சுற்றுவதும் சுழலியாக இருக்கட்டும். சக்கரத்தோடு சுற்றும் இந்தத் தட்டுக்கு ‘வட்டு’ போதும்.

செராமிக்குக்கு மூலம் கிரேக்கத்துக் கெராமோஸ், குயவர் மண். ஏதென்ஸில் குயவர்கள் இருந்த பகுதிக்கே கெராமெய்கோஸ் என்று பெயர். அதற்குத் தமிழ் என்று அவர் எடுத்த பீங்கான் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே ‘பிங்கான்’ என்றால் கிண்ணம். தூய தமிழ் என்று நம்பி அதைக் கட்டிக்கொண்டவர்கள் கவனிக்க.

வேற்றுமொழிச் சொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. பீங்கான் என்றதும் நம் கண்முன் வருவது ஊறுகாய் ஜாடியும் டீக்கோப்பையும். கை தவறினால் சில்லுசில்லாகிவிடும் பொருள். காரில் இருக்கும் வட்டில் களிமண் ஒரு பிடிகூடக் கிடையாது. நறுக்கிய கரியிழையை, அதாவது கார்பன் ஃபைபரை, பிசினோடு கலந்து அச்சில் அழுத்துகிறார்கள். காற்றுப் படாமல் சுட்டுப் பிசினைக் கரியாக்குகிறார்கள். பிறகு உருக்கிய சிலிக்கனை அதற்குள் ஊற விடுகிறார்கள்; சிலிக்கன் உருகவே 1414 டிகிரி வேண்டும். அது கரியோடு கூடிச் சிலிக்கன் கார்பைடு ஆகிறது. நடுவில் ஓடும் இழைகள் விரிசல் பரவாமல் இழுத்துப் பிடிக்கின்றன. கோப்பைபோல் உடையாமல் இருக்கத்தான் அந்த இழையே. 2001-இல் 911 ஜிடி2-வில் போர்ஷே இதைப் பொருத்தியபோது, அதே அளவு இரும்பு வட்டின் எடையில் பாதிதான் இருந்தது. துருவும் பிடிக்காது.

அப்படியானால் டிராக்கில் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? கரி எரியும் என்பதால்தான். நூர்பர்க்ரிங்கின் வடக்கு வளையமான நார்ட்ஷ்லைஃபே ஒரு சுற்று 20.8 கிலோமீட்டர். வேகமாக வந்து அழுத்தி, மறுபடி வேகமெடுத்து மறுபடி அழுத்தினால் வட்டு செக்கச்செவேலென்று ஆகிவிடும். அந்தச் சூட்டில் இழையிலிருக்கும் கரி காற்றோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது. தடிமன் அப்படியே இருக்கும், எடை குறையும். இரும்பு வட்டு தேய்ந்ததா என்று மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கலாம். இதைக் கழற்றித் தராசில் வைக்க வேண்டும். இதற்குக் கீழ் போனால் ஆகாது என்று குறைந்தபட்ச எடையை வட்டிலேயே பொறித்திருப்பார்கள். மாற்றப் போனால் செலவு லட்சங்களில். இரும்பிலும் மயிரிழை விரிசல் விழும்தான், ஆனால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க மனசு பதறாது. இன்றைய ஜிடி3 கப் பந்தயக் காரிலேயே போர்ஷே செராமிக் போடுவதில்லை. அடிக்கடி டிராக்குக்குப் போகிறவர்களில் சிலர் செராமிக்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு இரும்பு மாட்டிக்கொள்கிறார்கள், விற்கும்போது திருப்பிப் போட.

கதை முழுக்கக் கரியில் இருக்கிறது. பீங்கான் என்ற சொல்லோ அந்தக் கரியையே மறைத்துவிடுகிறது.

என் வாக்கு ‘கரிச்சுடும வட்டு’க்கு. சுட்டுக் கெட்டியாக்கிய, உலோகம் அல்லாத பொருள் சுடுமம்; அதில் கரி முன்னால் நிற்கிறது. ‘கரியிழை வட்டு’ என்று சுருக்கலாமே என்றால் கூடாது. ஃபார்முலா 1 கார்களில் இருப்பது கரியில் கரியிழை பதித்த வேறு வட்டு, அதோடு குழம்பும். வாயில் நுழையவில்லையென்றால் ‘கார்பன் செராமிக் டிஸ்க்’ என்றே சொல்லுங்கள், குற்றமில்லை. பொய் சொல்லும் தமிழைவிட உண்மை சொல்லும் கடன்சொல் எனக்கு உகந்தது.

இப்படித் தமிழாக்குகிறவர்கள் இரும்பையும் விட்டுவைக்கவில்லை. ஆங்கிலத்தில் பேச்சுவாக்கில் ஸ்டீல் பிரேக் என்பார்கள். உடனே இவர்கள் ‘எஃகு வட்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது வார்ப்பிரும்பு. பொருளைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்தால் இப்படித்தான். பிரேக்குக்கு ‘தடுப்பு’ என்கிறார்கள், எனக்குப் போலீஸ் தடுப்பு ஞாபகம் வருகிறது. ‘நிறுத்தம்’ என்றால் பஸ்ஸுக்குக் காத்து நிற்கத் தோன்றுகிறது. தேர்ச் சக்கரத்துக்குப் போடும் முட்டுக்கட்டைதான் உண்மையில் நம் பழைய பிரேக், ஆனால் அந்தச் சொல்லை அரசியல் மேடைக்குக் கொடுத்துவிட்டோம்.

இன்னொன்று. சாதாரணக் காரில் இரும்பு வட்டோடு வரும் செராமிக் பேடு, அதாவது வட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை, வேறு சரக்கு. தூசியும் சத்தமும் குறையட்டும் என்று போடுவது. அதற்கும் வட்டுக்கும் சேர்த்து ‘பீங்கான் பிரேக்’ என்று ஒரே பெயர் வைத்ததில், தன் காரிலும் போர்ஷே பிரேக் இருப்பதாக என் நண்பர் ஒருவர் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். பேடுக்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை. அது பேடாகவே இருக்கட்டும்.