ஒரே பில் எண் இரண்டு பேருக்கு ஏன் போகிறது? கடையில் சர்வர் வைத்திருப்பவர்கள் அறிய வேண்டியவை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகள், தம்பு செட்டித் தெருவின் சுங்க முகவர் அலுவலகங்கள், காசிமேட்டு மீன், ஐஸ் வியாபாரிகள் என்று வடசென்னையில் பலருக்கு டேட்டாபேஸ் (கணக்குகளைச் சேமித்துத் தேடித் தரும் மென்பொருள்) பராமரிப்பது என் தொழில். கல்லாவுக்குப் பின்னாலோ மாடிப்படிக்குக் கீழேயோ ஒரு கணினி இருக்கும். அதில் மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரஸ் ஆகிய டேட்டாபேஸ்களில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். மூன்றும் திறமூல மென்பொருள்கள், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை. உரிமக் கட்டணம் இல்லாமலே நிறுவிக்கொள்ளலாம். பில் போடும் மென்பொருளை எழுதிக்கொடுத்தவர் கூடவே இதையும் நிறுவிவிட்டுப் போயிருப்பார். தம் வியாபாரக் கணக்கு முழுவதும் எதற்குள் இருக்கிறது என்பது கடை முதலாளிக்கே தெரியாமல் இருப்பதுதான் வழக்கம்.

இத்தகைய கடைகளிலிருந்து திரும்பத் திரும்ப எனக்கு வரும் புகார், ஒரே பில் எண் இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் போய்விட்டது என்பது. கடைப் பையன் ஏதோ தவறு செய்துவிட்டான் என்று முதலில் அவன்மேல்தான் பழி விழும். பெரும்பாலும் அவன்மேல் குற்றமே இல்லை.

நடப்பது இதுதான். இரவு கடைசியாகப் போட்ட பில்லின் எண் 4517 என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் மனம் மாறிச் சேலை வேண்டாம் என்கிறார். மென்பொருள் அந்தப் பில்லை 'ரத்து' என்று குறித்து வைக்காமல் பதிவையே அழித்துவிடுகிறது. கடையைப் பூட்டும்போது கணினியை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுகிறார்கள். காலையில் கடை திறந்ததும் வரும் முதல் வாடிக்கையாளருக்கு மறுபடியும் 4517 அச்சாகிறது.

மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்புகளில், தானாக ஏறும் அடுத்த எண் நினைவகத்தில் மட்டுமே இருந்தது, டிஸ்க்கில் எழுதப்படவில்லை. சர்வர் மறுபடி தொடங்கிய பிறகு, டேபிளில் (பில்கள் வரிசையாகப் பதியும் அட்டவணையில்) அப்போது இருக்கும் மிகப் பெரிய எண்ணைப் பார்த்து அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். அழிக்கப்பட்ட 4517 அதன் கண்ணில் படாது. ஆண்டு முடிவில் பழைய பில்களை வேறு டேபிளுக்கு மாற்றி, மூல டேபிளை முழுவதும் காலிசெய்தவர்களுக்கு இன்னும் மோசம். எண் ஒன்றிலிருந்தே தொடங்கிவிடும்.

இந்த வழு (மென்பொருள் பிழை) 2003ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. மைஎஸ்க்யூஎல்லின் வழுப் பட்டியலில் அதன் எண் 199. அது தீர்ந்தது 2018 ஏப்ரலில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 8.0 பதிப்பில். மரியாடிபி 2017இல் வந்த 10.2 பதிப்பில் சரிசெய்துகொண்டது. இப்போது எண் ஏறும்போதெல்லாம் அது டிஸ்க்கில், மாற்றங்களை உடனுக்குடன் எழுதிவைக்கும் லாக் கோப்பிலும் பதிவாகிறது. மின்சாரம் போய் வந்தாலும் மறப்பதில்லை.

பதினைந்து ஆண்டுகள் ஆனதற்கு யாருடைய அலட்சியத்தையும் நான் காரணம் சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடுபவை. அங்கே இந்த வழு தலைகாட்டுவது அரிது. தினமும் இரவில் சர்வரை அணைப்பது நம் கடைகளின் வழக்கம். மென்பொருள் எழுதியவரும் தம் அலுவலகக் கணினியில் பில் போட்டுப் பார்த்திருப்பார், அழித்தும் பார்த்திருப்பார். அழித்த கையோடு சர்வரை நிறுத்தித் தொடங்கிப் பார்த்திருக்க மாட்டார். எங்களிடம் அப்படி வரவில்லையே என்று அவர் சொல்வது பொய்யல்ல.

ஜிஎஸ்டி விதிப்படி விலைப்பட்டியல் எண் வரிசையாக வர வேண்டும். ஒரு நிதியாண்டுக்குள் ஒருமுறை தந்த எண்ணை மறுபடி தரக்கூடாது. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ரத்தான 4517க்கு ஒருவர் முன்பணம் கட்டியிருந்தால், அந்த வரவு காலையில் வந்த வேறொருவர் கணக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகலாம். ஆகவே, எந்தப் பதிப்பு ஓடினாலும் சரி, பில்லை ஒருபோதும் அழிக்காமல் ரத்து என்று குறிக்கும்படி மென்பொருளை மாற்றச் சொல்லுங்கள். டேட்டாபேஸ் தானாகத் தரும் எண்ணையே பில் எண்ணாக அச்சிடுவதும் சரியான முறை அல்ல.

இத்தனையும் சரிசெய்யப்பட்டு ஆண்டுகள் ஆன பிறகும், இன்றும் நான் போகும் கடைகளில் மைஎஸ்க்யூஎல்லின் 5.7 பதிப்பைப் பார்க்கிறேன். அதற்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. எங்கோ ஒருவர் புகார் எழுதி, இன்னொருவர் நிரலைத் திருத்தி, வேறு சிலர் சோதித்து வெளியிட்ட திருத்தம் நம் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கு வந்துசேரவில்லை. என் தொழிலில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

போஸ்ட்கிரஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு விதமான எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். நீங்கள் பில்லைச் சேமித்தவுடன் அது லாக் கோப்பில் டிஸ்க்குக்குப் போய்விடும். ஆனால் டேபிளின் பக்கங்கள் முதலில் லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நினைவகத்தில்தான் நிற்கும். பிறகு, எல்லாவற்றையும் டிஸ்க்கில் இறக்கு என்று டேட்டாபேஸ் கட்டளையிடும். அந்தக் கட்டளை தோற்றால் அடுத்த முறை மீண்டும் முயன்று பார்க்கலாம் என்றே போஸ்ட்கிரஸ் பல ஆண்டுகள் இயங்கிவந்தது. லினக்ஸோ, ஒருமுறை தோற்றதும் அந்தப் பக்கங்களை இறக்கியாகிவிட்டது என்று குறித்துவிடும். இரண்டாவது முயற்சிக்கு வெற்றி என்று பதில் வரும். தரவு டிஸ்க்கில் இருக்காது. டேட்டாபேஸும் நம்பி, பழைய லாக் இனித் தேவையில்லை என்று விட்டுவிடும். டிஸ்க் கோளாறால் தரவு இழந்த ஒரு பயனரின் அனுபவத்தைத் துருவிப் பார்த்ததில் 2018இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. 2019 பிப்ரவரி 14இல் வெளியான 11.2 பதிப்பிலும், அப்போது ஆதரவிலிருந்த மற்றப் பதிப்புகளிலும் நடத்தை மாற்றப்பட்டது. இப்போது அப்படி ஒரு தோல்வி வந்தால் சர்வர் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, லாக் கோப்பிலிருந்து தரவை மீட்டெடுக்கும்.

ஐஸ் வியாபாரி ஒருவர், பழைய பதிப்பு நன்றாக ஓடியது, புதியது நின்றுபோகிறது, பழையதையே போடுங்கள் என்று என்னிடம் கேட்டார். கடற்காற்றின் உப்பும் ஈரமும் படும் இடங்களில் டிஸ்க் கேபிள்களும் இணைப்புகளும் சீக்கிரம் கெடும். அவருடைய டிஸ்க் உண்மையில் பழுதாகிக்கொண்டிருந்தது; பழைய பதிப்பு அதைச் சொல்லாமல் விட்டிருந்தது. சர்வர் நின்றதால் அவர் டிஸ்க்கை மாற்றினார், கணக்கு பிழைத்தது. சர்வர் நிற்பதைக் கண்டு எரிச்சல்பட்டு மீண்டும் மீண்டும் தொடங்குவதற்கு முன், அது ஏன் நின்றது என்று எழுதி வைத்திருக்கும் பதிவைப் படிக்கச் சொல்லுங்கள்.

திருத்தத்தை நிறுவிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. புதிய பதிப்பு இனிமேல் சேதம் வராமல் தடுக்கும். ஏற்கெனவே ஏற்பட்ட சேதத்தை அது சீராக்குவதில்லை. போஸ்ட்கிரஸ் 14இன் தொடக்கப் பதிப்புகளில், வேலை நிற்காமல் இன்டெக்ஸ் (பதிவுகளை விரைவாகத் தேட உதவும் பட்டியல்) உருவாக்கும் கட்டளை சில வேளைகளில் குறைபட்ட இன்டெக்ஸை உருவாக்கியது. 2022 ஜூன் 16இல் வழக்கமான கால அட்டவணைக்கு வெளியே 14.4 அவசரமாக வெளியிடப்பட்டது. அதை நிறுவியவர்கள், பாதிக்கப்பட்ட இன்டெக்ஸ்களை மறுபடி கட்டவும் வேண்டியிருந்தது. வெளியீட்டுக் குறிப்பில் அது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. அந்தக் குறிப்பைப் படிக்காமல் பதிப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர் பாதி வேலைதான் செய்கிறார்.

இதற்கு நெருங்கிய இன்னொரு சிக்கல் டேட்டாபேஸில் பிறந்ததே அல்ல. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2018இல் 2.28 பதிப்புக்கு வந்தபோது சொற்களை வரிசைப்படுத்தும் விதிகள் மாறின. லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவின் 18.04லிருந்து 20.04க்குப் போனவர்கள் எல்லோரும் இந்த மாற்றத்தைக் கடந்தவர்கள்தான். இன்டெக்ஸ் என்பது அகராதி போல வரிசையை நம்பித் தேடுவது. பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸைப் புதிய விதியில் தேடினால், இருக்கும் பெயரே இல்லை என்று பதில் வரலாம். வாடிக்கையாளர் பெயர் வரவில்லையே என்று மறுபடி பதிவு செய்வார்கள். ஒரே ஆள் இரண்டு கணக்கில் இருப்பார். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மேம்படுத்திய கையோடு எழுத்துகள் உள்ள இன்டெக்ஸ்களை மறுபடி கட்டிவிடுங்கள். போஸ்ட்கிரஸ் 15 முதல், டேட்டாபேஸ் உருவானபோது இருந்த வரிசை விதியின் பதிப்பைக் குறித்துவைத்து, அது மாறினால் எச்சரிக்கிறது.

போஸ்ட்கிரஸின் சிறு பதிப்புகள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இரண்டாவது வியாழக்கிழமையை ஒட்டி வருகின்றன. ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு; 13ஆம் பதிப்புக்கு அது 2025 நவம்பரில் முடிந்தது. சிறு பதிப்பில் புதிய வசதிகள் சேர்க்கப்படுவதில்லை, திருத்தங்கள் மட்டுமே வரும். சர்வரை நிறுத்தி, நிரலை மாற்றி, மறுபடி தொடங்கினால் போதும். பொதுவாகச் சில நிமிட வேலை. துணிக்கடைகளுக்கு நான் சொல்வது, ஆகஸ்ட் பதிப்பை ஆகஸ்டிலேயே போட்டுவிடுங்கள், தீபாவளிக் கூட்டம் தொடங்கிய பிறகு சர்வரைத் தொட வேண்டாம். காசிமேட்டில் விடியலுக்கு முன்பே வியாபாரம் களைகட்டிவிடும்; அவர்களுக்குப் பிற்பகல்தான் சரியான நேரம்.

திருத்தமே புதுச் சிக்கலைக் கொண்டுவருவதும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 14இல் வந்த 17.1 பதிப்பு சில கூடுதல் நீட்சிகளோடு (டேட்டாபேஸோடு தனியாகச் சேர்க்கும் துணை நிரல்களோடு) ஒத்துப்போகாமல், ஒரே வாரத்தில் 17.2 வெளியானது. அதனால்தான் முதலில் வேறொரு கணினியில், நேற்றைய பேக்கப்பை ஏற்றிச் சோதிக்க வேண்டும். அப்படிச் செய்வதில் இன்னொரு பயனும் இருக்கிறது: பேக்கப் உண்மையில் திரும்ப ஏறுகிறதா என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

நீங்களே ஒரு வழுவைக் கண்டால்? முதலில் எதையும் அழிக்காதீர்கள். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று, பெயரில் 'லாக்' இருப்பதைப் பார்த்துப் போஸ்ட்கிரஸின் லாக் கோப்புறையைக் காலிசெய்து டேட்டாபேஸையே இழந்தவர்கள் உண்டு. அதற்காகவே 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றினார்கள். தரவு கெட்டிருக்கிறது என்ற ஐயம் வந்தாலே சர்வரை நிறுத்தி, தரவுக் கோப்புறை முழுவதையும் வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். பழுதுபார்க்கும் வேலையெல்லாம் அந்த நகலில் நடக்கட்டும்.

பிறகு புகார். திறமூல டேட்டாபேஸ்களைத் திருத்துகிறவர்களுக்கு எவரும் எழுதலாம், எம்.சி. ரோட்டிலிருந்து வரும் கடிதத்துக்கும் அதே மதிப்புத்தான். சர்வர் வேலை செய்யவில்லை என்று எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய இயலாது. சரியான பதிப்பு எண், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நான்கைந்து வரிகள் மட்டுமே கொண்ட ஒரு டேபிள், எந்தக் கட்டளைக்குப் பின் எந்தக் கட்டளை, வந்த பதில், வந்திருக்க வேண்டிய பதில் ஆகியவை வேண்டும். திரையைப் படமெடுத்து அனுப்பாமல் எழுத்தாகவே கொடுங்கள். வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், ஜிஎஸ்டி எண் எதுவும் அதில் போகக்கூடாது. கற்பனைத் தரவை வைத்து அதே வழுவை வரவழைத்துக் காட்டுங்கள். இதற்கு ஒரு நாள் முழுக்க ஆகலாம். தன் கணினியில் வழுவைப் பார்த்துவிட்ட நிரலாளர், பல வேளைகளில் சில நாட்களிலேயே திருத்தி, அதற்கென ஒரு சோதனையையும் நிரலோடு சேர்த்துவிடுவார். அதே வழு பின்னால் தலையெடுத்தால் அந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். போஸ்ட்கிரஸில் அத்திருத்தம் வழக்கமாக, வழு இருக்கும் ஆதரவுப் பதிப்புகள் அனைத்துக்கும் போகிறது.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது உங்கள் மென்பொருள்காரரிடம் இவற்றைக் கேளுங்கள். எங்கள் டேட்டாபேஸ் எது, எந்தப் பதிப்பு? அதற்கு ஆதரவு எந்த மாதம் முடிகிறது? கடைசியாக எப்போது மேம்படுத்தினீர்கள்? மேம்படுத்தும்போது வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, இன்டெக்ஸ் போன்றவற்றைச் சரிபார்ப்பதும் இந்தக் கட்டணத்தில் அடங்குமா? அடங்கும் என்றால் அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.