"ஒண்ணுமில்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள்

முதல் கேள்விக்கே அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"கடந்த இரண்டு வாரங்களில், செய்யும் காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைவாக இருந்ததா?" என்று படிவத்தில் இருப்பதை இருக்கிறபடியே வாசித்திருந்தேன். "என்ன தாயி, பேரன் பேத்தி எடுத்தாச்சு. இந்த வயசுல எனக்கு என்ன சந்தோஷம் வேண்டிக்கெடக்கு?" என்றார். அதை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் 'இல்லை' என்று குறித்துக்கொண்டேன். அடுத்த கேள்வி, சோர்வாகவோ நம்பிக்கை இழந்தோ உணர்ந்தீர்களா என்பது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல. இந்த மண்டைதான் உள்ளுக்குள்ள இறுக்கிப் பிடிக்குது. கை காலெல்லாம் குடைச்சல். அதுக்கு மாத்திரை குடுத்தா போதும்."

மொத்த மதிப்பெண் 4. மனச்சோர்வு இல்லை என்று எழுதி, கோப்பில் சொருகிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். மருத்துவ உளவியலில் ஆய்வுக்காகக் கிராமப்புற ஓபி ஒன்றில் உட்கார ஆரம்பித்திருந்த புதிது. (அந்த அம்மாவை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மனச்சோர்வு இருக்கிறதா என்று அறிய உதவும் அந்தப் படிவத்தின் பெயர் பிஎச்க்யூ-9. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது, 2001-ல் வெளியானது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, ஆக மொத்தம் 27. பத்தைத் தொட்டால் விசாரிக்க வேண்டியவர் என்று கணக்கு. நல்ல கருவிதான், அதைக் குறை சொல்ல வரவில்லை. தமிழாக்கமும் முறைப்படிதான் நடக்கிறது. ஒருவர் தமிழில் எழுதுவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் பொருந்திவிடும், மொழிபெயர்க்கிற இரண்டு பேருமே கல்லூரியில் படித்தவர்கள் என்பதால். ஓபி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அந்தத் தமிழைப் பேசுகிறாரா என்று சோதிக்கும் கட்டத்துக்குத்தான் நேரமோ காசோ இல்லாமல் போய்விடுகிறது.

மூன்று வாரம் கழித்து அதே அம்மா அதே மண்டை இறுக்கத்தோடு வந்தார். அன்று படிவம் தீர்ந்துபோயிருந்தது. சும்மா பேசிக்கொண்டிருந்தோம். வீட்டில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "ஆடு வச்சிருந்தேன், பதினோரு உருப்படி. எல்லாத்தையும் வித்துட்டேன்." ஏன் என்றால், "பாக்கவே பிடிக்கல. கத்துனா எரிச்சலா வருது. குட்டி போட்ட ஆட்டக் கூட எந்திரிச்சுப் போய்ப் பாக்கல தாயி." இருபது வருஷமாக ஆட்டோடு வாழ்ந்தவர். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்புத் தட்டிவிடுமாம், அப்புறம் தூக்கம் கிடையாதாம். சோறு மண்ணு மாதிரி இருக்காம். முதல் கேள்விக்கான பதில் இதுதான். நான்தான் மகிழ்ச்சி என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அவர் எங்கெல்லாம் போய்வந்திருந்தார் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். சத்து ஊசி, ட்ரிப்ஸ், தலைக்கு ஸ்கேன், மந்திரித்துத் திருநீறு, டவுனில் கண் பரிசோதனை. போன இடத்திலெல்லாம் ஒரே பதில்: "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கீங்க." 2015-16-ல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் உண்டு. மனநலத் தொந்தரவு உள்ளவர்களில், நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறவில்லை என்றது அது. அந்த எண்ணைப் படிக்கிறவர்கள், இவர்களெல்லாம் வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்கியிருப்பவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை, பலர் மூன்று நான்கு ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்கள். சிகிச்சையும் நடந்திருக்கிறது, வேறு எதற்கோ.

படிக்காதவர்கள்தான் மனசை உடம்பாகச் சொல்வார்கள் என்று என் துறையிலேயே ஒரு எண்ணம் உண்டு. ஐ.டி. வேலையில் இருக்கும் இருபத்தெட்டு வயதுப் பையன், நெஞ்சு படபடக்குது, ஹார்ட் அட்டாக் என்று நடுராத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறான். ஈசிஜி சரியாக இருக்கிறது. "கேஸ் ட்ரபிள்" என்று அனுப்புகிறார்கள். பத்து நாளில் மறுபடியும் ஓடுகிறான். அவன் பட்டம் படித்தவன்தானே?

சீனாவிலும் இதே கதை. ஹுனான் மாகாணத்தில் 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மேன், நரம்புத் தளர்ச்சி என்று முத்திரை குத்தப்பட்டிருந்த 100 பேரை உட்கார வைத்து விரிவாகப் பேசிப் பார்த்தார். அவர்களில் 87 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. (நம் ஊரில் நரம்புத் தளர்ச்சி என்றால் சுவர் விளம்பர வைத்தியர்கள்தான் நினைவுக்கு வருவார்கள், அது தனிக் கதை.) ஜிம்பாப்வேயில் வேறு வழியில் போனார்கள். ஷோனா மொழி பேசுகிறவர்கள் தங்கள் துயரத்துக்குச் சொல்லும் வார்த்தை 'குஃபுங்கிசிசா'. அதிகமாக யோசிப்பது என்று அர்த்தம். 1990-களில் இந்திய மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் அங்குள்ள ஆய்வாளர்களும் அந்த மாதிரிச் சொற்களிலிருந்தே 14 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கட்டினார்கள். எனக்கு அதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது. "ஒரே யோசனையா இருக்கு" என்று நம் ஆட்களும் தினமும் சொல்கிறார்கள், நாம் அதைப் படிவத்தில் சேர்க்கவில்லை.

நம்மிடம் இருக்கும் பொதுச் சொல்லே குழப்பமானது. 'மன அழுத்தம்' என்பதைப் பரீட்சை டென்ஷனுக்கும் எழுதுகிறோம், சாகத் தோன்றும் அளவுக்கான நோய்க்கும் எழுதுகிறோம். அதனால் ஒருவர் "எனக்கு மன அழுத்தம்" என்றால் வீட்டில் "யாருக்குத்தான் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். நோயை மனச்சோர்வு என்றே சொல்வது நல்லது.

சரி, உடம்பில் வலிப்பது நடிப்பா, கற்பனையா? இரண்டும் இல்லை. பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. அது நிஜமான படபடப்பு. மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப் போவதும், தலை சுற்றுவதும் அதனால்தான். மனச்சோர்வில் பங்கு வகிக்கும் மூளை வேதிப்பொருட்களான செரட்டோனினும் நோர்அட்ரினலினும் வலியைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதையிலும் வேலை செய்கின்றன. "எல்லாம் மனசுதான்" என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டு அழுத பலரை எனக்குத் தெரியும். இதற்கு மறுபக்கமும் உண்டு. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 பற்றாக்குறை எல்லாம் மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டும். அதனால் ரத்தப் பரிசோதனை முதலில், என் அறை அப்புறம்.

இப்போது நான் கேட்கிற விதம் மாறியிருக்கிறது. எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்பேன். முன்பு செய்து இப்போது விட்டுப்போன வேலை என்ன என்பேன். வாசலில் கோலம், சாயந்திரம் டீக்கடை, ஞாயிற்றுக்கிழமைக் கறி, தலைக்குப் பூ, இப்படி ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒன்று நின்றுபோயிருக்கும். வீட்டில் இருப்பவர்களும் கேட்கலாம், இதற்குப் பட்டம் வேண்டாம்.

ஒன்பதாவது கேள்வி மட்டும் எப்போதும் கடினம். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்பது. நம் ஆட்கள் நேராகச் சொல்ல மாட்டார்கள். "சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டா நல்லது", "பேசாம கண்ண மூடிட்டாத் தேவல." வயதானவர்கள் சாதாரணமாகவும் இப்படிப் பேசுவதுண்டு என்பதால் எல்லோரும் காதில் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. "நீங்களே ஏதாவது செஞ்சுக்கணும்னு தோணுதா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். கேட்டால் அந்த நினைப்பை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கிறது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு தற்கொலை விகிதம் பெருமளவு சரிந்தது. அந்த நேரத்து வேகம் தணிய இடைவெளி கிடைத்தால் உயிர் தப்புகிறது. 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 2022 முதல் எல்லா நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம்.

அந்த அம்மாவை மனநல மருத்துவரிடம் அனுப்பினேன், மாத்திரை தொடங்கினார். மருந்து எழுதுவது அவர் வேலை, மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. எதிர்பார்த்தபடியே ஐந்தாம் நாள் "வயித்தப் பொரட்டுது" என்று நிறுத்திவிட்டார். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும், தொந்தரவு மட்டும் முதல் வாரமே வந்துவிடும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை. மறுபடி தொடங்க வைத்தோம்.

என் பங்குக்கு நான் செய்தது மிகச் சின்னது. தினமும் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் ஆடு ஓட்டும்போது கூடவே ஊருணிக்கரை வரை போய்வரச் சொன்னேன், பிடிக்கிறதோ இல்லையோ. மனசு சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யத் தொடங்கி மனசை இழுத்து வரும் முறை இது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுமார் 500 பேரிடம் இந்த முறையைச் சோதித்து, 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஆலோசனை தந்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள்தான், 6 முதல் 8 சந்திப்புகள்தான். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள்.

நான்கு மாதம் கழித்துப் படிவத்தோடு உட்கார்ந்தேன். ஆய்வு விதி, வாசித்தே ஆக வேண்டும். மகிழ்ச்சி என்ற இடத்தில் மறுபடியும் சிரித்தார். மண்டை இறுக்கம் எப்படி இருக்கிறது என்றேன்.

"இருக்கத்தான் செய்யுது, முன்ன மாதிரி இல்ல. சீக்கிரம் முடி தாயி, வாங்குன ரெண்டு குட்டியும் கட்டிக் கெடக்கு. மூணு மணிக்கு அவுத்து விடணும்."