வேலூர் வெயிலில் உடைந்த பிஸ்டன்

போன மே மாதம் பெங்களூர் அல்சூரில் இருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணா, பிஸ்டன் போயிடுச்சு. வண்டி வாங்கி மூணு வருஷம்கூட ஆகலை. எப்படி இப்படி ஆகும்?" அவருடையது டர்போ பெட்ரோல் கார். ஜனவரியில் எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்திருந்தார்; அதாவது, கூடுதல் சக்திக்காக அதில் கம்பெனி எழுதி வைத்த கணக்குகளை மாற்றி எழுதுவது. நைஸ் ரோட்டில் பிக்கப் பிரமாதம் என்று என்னையும் ஒருநாள் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். மே மாதம் குடும்பத்தோடு சென்னைக்குக் கிளம்பியவர் வேலூரை நெருங்கும்போது எஞ்சின் உதறி, பின்னால் நீலப்புகை கிளம்பி, ஓரங்கட்டிவிட்டார். வண்டிக்குக் கண் பட்டுவிட்டது என்று அம்மா சொல்கிறாராம்.

லால்பாக் ரோடு பக்கம் ஒரு கேரேஜில் எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தார்கள். பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் வளையங்களில், மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் வரப்பில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. தலையின் விளிம்பில் மட்டும், மணலை வீசி அடித்ததுபோல் பொடிப்பொடியாகக் குழிகள். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மினுமினுவென்று அலுமினியத் துகள்கள் ஒட்டியிருந்தன. பிஸ்டனிலிருந்து பெயர்ந்தவைதான்.

நான்கு ஸ்ட்ரோக் கதையைப் பள்ளியிலேயே படித்திருப்போம். டர்போ செய்வது ஒன்றுதான்: வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுற்றி, சிலிண்டருக்குள் கூடுதல் காற்றை அடைக்கிறது. கூடுதல் காற்று, கூடுதல் பெட்ரோல், கூடுதல் சக்தி. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் தலைமேல் 100 பார் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு) அழுத்தம் விழுந்தால், அது 5 டன் எடையை வைத்ததற்குச் சமம். இதைத் தாங்கும்படிதான் கம்பெனியில் பிஸ்டனை வார்க்கிறார்கள்.

எனக்கு என்றுமே தீராத ஆச்சரியம் வெப்பத்தில்தான். எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பிஸ்டனோ அலுமினியக் கலவை. 600 டிகிரியை எட்டும் முன்பே இளகத் தொடங்கிவிடும். ஆனாலும் லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் தலை ஏறக்குறைய 300 டிகிரியில்தான் இருக்கிறது. எப்படி?

சுடுதண்ணீர் வாளிக்குள் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டால் ஓரளவு தாங்கும். யாராவது தண்ணீரைக் கலக்கினால் சுரீர் என்று சுடும். தண்ணீரின் சூடு மாறவில்லை. காலை ஒட்டி ஆறிப்போய் நின்ற மெல்லிய படலம் கலைந்துவிட்டது, அவ்வளவுதான். பிஸ்டனின் மேலும் இதேபோல, உலோகத்தை ஒட்டி ஆறிய வாயு ஒரு படலமாக நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. 2,000 டிகிரிக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நிற்கும் போர்வை அதுதான். உள்ளே வருகிற கொஞ்ச வெப்பத்தை ரிங்குகளும், அடியில் பீய்ச்சும் ஆயிலும் வாங்கிக்கொண்டு போய்விடும்.

இந்தப் போர்வையைக் கிழிப்பதுதான் நாக்கிங். ஸ்பார்க் பற்றியதும் தீ, வைக்கோல் போரில் பரவுவதுபோல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பரவ வேண்டும். எரிந்த பகுதி விரியும்போது, இன்னும் எரியாமல் மூலையில் கிடக்கும் கலவையை நெருக்கிச் சூடாக்குகிறது. தீ வந்து சேரும்வரை அது பொறுத்திருக்க வேண்டும். பொறுமை இழந்தால், மூலை முழுக்க ஒரே நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோலின் ஆக்டேன் எண் இந்தப் பொறுமையின் அளவுதான்.

அப்படிப் பற்றும்போது கிளம்பும் அழுத்த அலை சுவருக்குச் சுவர் மோதுகிறது. 80 மில்லிமீட்டர் சிலிண்டரில் விநாடிக்கு ஏறக்குறைய 7,000 முறை! மெக்கானிக் 'நாக் அடிக்குது' என்று காதால் கண்டுபிடிப்பது இந்த ஓசையைத்தான். எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் நாக் சென்சாரும் இதே ஓசைக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த அலைகள் வாளித் தண்ணீரைக் கலக்கும் கைபோல, படலத்தை உரித்தெடுக்கின்றன. வெப்பம் நேராக அலுமினியத்தில் இறங்கி, அது பலம் இழக்கிறது. இளகிப்போன வரப்பின்மேல் அடுத்த அடி விழுந்தால் பெயர்ந்துவிடுகிறது.

சரி, ரீமேப் இதில் எங்கே வருகிறது? டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவதோடு பலர் ஸ்பார்க் விழும் நேரத்தையும், கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) திரும்பும் கோணத்தில் சில டிகிரி முன்னால் நகர்த்துவார்கள். 3,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப, ஒரு விநாடியில் 18,000-ல் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். மூலைக் கலவை தப்பிப்பதா வெடிப்பதா என்பது இப்படி நாலைந்து பங்கில் தீர்மானமாகிவிடும். கம்பெனி இதற்காகவே இடைவெளி விட்டு வைத்திருக்கிறது: மட்டமான பெட்ரோலுக்கு, ஏற்றத்துக்கு, கோடைக்கு. ரீமேப்பில் கிடைக்கும் பிக்கப்பின் ஒரு பங்கு இந்த இடைவெளியைச் செலவழித்து வாங்கியது. சிலர் நாக் சென்சாரின் எச்சரிக்கையையும் மட்டுப்படுத்திவிடுகிறார்கள். அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

நண்பரின் மேப் ஜனவரி பெங்களூரில், 25 டிகிரி குளுமையில் சரிபார்த்தது. டர்போவில் சூடான காற்றை இன்டர்கூலர் ஆற்றினாலும், வெளிக்காற்றைவிடக் குளிர வைக்க அதால் முடியாது. வேலூரில் அன்று 41 டிகிரி. அந்த 16 டிகிரி வித்தியாசம், சிலிண்டருக்குள் பத்தில் ஒரு பங்காக நெருக்கப்படும்போது 30 டிகிரிக்கு மேல் ஆகிவிடும். கலவையின் பொறுமை போக அது போதும்.

ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. என் வண்டிக்கும் வைக்கிறேன். ஆனால் கண் பட்டது என்று முடித்துவிட்டால், இதே மேப்போடு ஓடும் மற்ற வண்டிகளை யாரும் சோதிக்க மாட்டார்கள். அது என் கவலை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் நம் ஊர் வெயிலில் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கும் என்பதை அளக்க, அதிர்வலையால் வாயுவைச் சட்டென்று சூடாக்கும் அதிர்வலைக் குழாய்கள் இங்கேயே இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கின்றன. இந்த மாதிரி ஆய்வுகளுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

புது பிஸ்டன் போட்ட அன்று கேரேஜுக்குப் போயிருந்தோம். மெக்கானிக் ரிங்கைச் சிலிண்டருக்குள் தள்ளி, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) செருகிப் பார்த்தார். சூட்டில் ரிங் நீளும்போது இந்த இடைவெளி போதாவிட்டால் முனைகள் முட்டிக்கொண்டு, அதனாலும் வரப்பு உடையும். திருப்தியானதும் நிமிர்ந்தார். மறுபடி ரீமேப் போடலாமா என்று நண்பர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"போடலாம் சார். ஆனா அடுத்த மே மாசம், மத்தியானம் ரெண்டு மணிக்கு வேலூர் வரைக்கும் ஓட்டி நாக் சென்சார் பதிவை எடுத்துட்டு வாங்க. அதைப் பார்த்துட்டுப் பேசலாம்."